கானல்வரியையும் வஞ்சிக் காண்டத்தையும் வெட்ட வேண்டாம்: அரங்க நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தலைவர் ஐயா அவர்களுக்கும், நிர்வாகக் குழுவில் இருக்கும் பெரியவர்கள், அம்மாக்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நம் அரங்கில் நடந்த சிலப்பதிகார இசை நாடகத்தை என்ன செய்வது என்று அடுத்த கூட்டத்தில் முடிவெடுக்கப் போகிறீர்கள். மூன்றேகால் மணி நேர நாடகத்தை ஒன்றரை மணி நேரத்துக்குள் அடக்கினால்தான் மீதிக் காட்சிகளுக்கு அரங்கம் கிடைக்கும், கோவலனும் மாதவியும் கடற்கரையில் பாடும் கானல்வரியையும், சேரன் கண்ணகிக்குக் கல் நாட்டும் கடைசிப் பகுதியான வஞ்சிக் காண்டத்தையும் எடுத்துவிட வேண்டும், பாட்டைக் குறைத்து வசனம் சேர்க்க வேண்டும் என்று நாடகக்காரர்களிடம் சொல்லியிருக்கிறீர்கள். "இது தெற்கே சபாவில் போட வேண்டிய சமாச்சாரம், நம்ம ஜனங்களுக்கு ஏறாது" என்று குழுவில் ஒருவர் சொன்னதாகவும் காதில் விழுந்தது. சொன்னவர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனாலும் அந்தப் பேச்சும் சரியில்லை, இந்த வெட்டும் சரியில்லை என்று எனக்குப் படுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் வடசென்னையில், பழைய வண்ணாரப்பேட்டையில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறேன். கல்யாணம், கட்சிக் கூட்டம், ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் விழா, சாவு வீட்டுக் கானா என்று எல்லாவற்றுக்கும் மைக் கட்டுகிறவன். இந்த நாடகத்தில் எனக்கு வேலை எதுவும் இல்லை. டிக்கெட் எடுத்து, வீட்டோடு போய்ப் பார்த்தேன். நாடகக்காரர்களில் யாரும் எனக்குச் சொந்தமோ நண்பர்களோ இல்லை.

ஜனங்கள் இரண்டாகப் பிரிந்தது உண்மைதான். அதை மறைக்க வேண்டியதில்லை. இடைவேளையில் வாசல் டீக்கடைக்கு முன்னால் நின்றவர்கள் யாருக்கும் அது தெரியும். ஒரு தமிழாசிரியர் கை நடுங்கக் கோபப்பட்டார்: காப்பியத்துக்குச் சட்டி மேளமா என்று. அவருக்குப் பக்கத்திலேயே நின்ற பையன்கள் அந்தச் சட்டி மேளத்துக்காகவே மறுபடி வரப்போவதாகச் சொன்னார்கள். 1964-இல் வந்த பூம்புகார் படத்து வசனங்களை இன்றைக்கும் மனப்பாடமாகச் சொல்லும் ஒரு பெரியவர், பாண்டியனிடம் நியாயம் கேட்கும் வழக்குரை காதையில் கண்ணகி கத்தவே இல்லையே என்று ஏமாந்து போயிருந்தார். கல்லூரிப் பெண்கள் இருவர், இவ்வளவு செய்த கோவலனைக் கண்ணகி ஏன் அப்படியே ஏற்றுக்கொள்கிறாள் என்று தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சிலர் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். இடைவேளைக்குப் பிறகு பின்வரிசை நாற்காலிகளில் பாதி காலி.

அந்தக் காலி நாற்காலிகளைப் பார்த்துத்தான் நீங்கள் பயந்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். அவை ஏன் காலியாயின என்று ஒரு நிமிடம் பார்ப்போம்.

முதல் காரணம் சத்தம். இது என் தொழில் என்பதால் துணிந்து சொல்கிறேன். நம் அரங்கின் கூரை தகரம், சுவர்கள் மொட்டைச் சுவர்கள். பாக்ஸ் இரண்டையும் மேடைக்கு இரு பக்கமும் வைத்து, பின்வரிசைக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தை ஏற்றியிருந்தார்கள். முன்வரிசைக்குக் காது அடைத்தது. பின்வரிசைக்கு நேராக வரும் பாட்டும், சுவரில் அடித்துத் திரும்பி வரும் பாட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. பேச்சு என்றால் இப்படிக் குழம்பினாலும் பாதி புரிந்துவிடும், மீதியை நாமே நிரப்பிக்கொள்வோம். பாட்டு அப்படி இல்லை. அதிலும் பழைய செய்யுள். ஒரு எழுத்து மங்கினால் அடி முழுதும் போய்விடும். போதாததற்கு மிக்சரில் எக்கோவையும் நிறைய வைத்திருந்தார்கள். மேடையோரத்தில் இருந்த பெடஸ்டல் ஃபேன் மைக்குக்கு நேரே ஊதிக்கொண்டிருந்தது. ஆய்ச்சியர் குரவையில் ஏழு பெண்கள் வட்டமாக நின்று, ஆளுக்கு ஒரு சுரமாக, குரல், துத்தம், கைக்கிளை என்று பாடிக்கொண்டு வருகிறார்கள். மூன்றாவது பெண்ணின் காலர் மைக் விட்டுவிட்டு வந்தது. ஏழு சுரத்தில் ஒன்று விழுந்தால் அந்தக் காட்சியே ஓட்டையாகிவிடும். நான் நான்காவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன், எனக்கு எல்லாம் புரிந்தது. இருபதாவது வரிசையில் இருந்த என் மைத்துனருக்கு, "ஏதோ பாடுறாங்க மாமா" என்பதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. நாங்கள் இருவரும் படித்தது ஒரே மாநகராட்சிப் பள்ளியில்தான்.

சிலப்பதிகாரத்தை எழுதிய இளங்கோவடிகள் இந்த விஷயத்தில் எவ்வளவு கவனமானவர் தெரியுமா? மாதவி முதன்முதலாக ஆட வரும் அரங்கேற்று காதையில் மேடைக்கு அளவே கொடுக்கிறார். அளக்கும் கோல் இருபத்துநான்கு விரல். அந்தக் கோலால் மேடையின் அகலம் ஏழு, நீளம் எட்டு, உயரம் ஒன்று. மேடைப் பலகைக்கும் மேலே இருக்கும் உத்தரப் பலகைக்கும் நடுவே நான்கு கோல். போக வர இரண்டு வாசல். மூன்று விதமான திரை. இதற்கு நடுவே ஒரு வரி வருகிறது: "தூண்நிழல் புறப்பட மாண்விளக்கு எடுத்து." தூணின் நிழல் மேடையில் விழாதபடி விளக்கை வைக்கச் சொல்கிறார். மேடை கட்டுகிறவன், லைட் கட்டுகிறவன், மைக் கட்டுகிறவன் எல்லோரும் அந்த வரியைப் படிக்க வேண்டும். ஆடுகிறவளின் முகம் கடைசி ஆள் வரைக்கும் தெரிய வேண்டும் என்று கவலைப்பட்ட காப்பியத்தை, கடைசி வரிசைக்குக் கேட்காத மாதிரி நாம் போட்டுவிட்டு, காப்பியம் கஷ்டமாக இருக்கிறது என்று சொல்வது நியாயமா?

இரண்டாவது காரணம் கிழமை. காட்சிகளைச் சனிக்கிழமை இரவு ஏழரைக்கு வைத்தீர்கள். முடியும்போது பதினொன்றுக்குப் பக்கம். ஞாயிறு விடிந்தால் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் வாரத்திலேயே பெரிய வியாபாரம். விடியற்காலை ஏலத்துக்கு நிற்க வேண்டிய பெண்கள் இடைவேளையோடு எழுந்து போனார்கள் என்றால் அது நாடகம் பிடிக்காததால் இல்லை. அவர்களில் ஒருவர், வியாபாரத்துக்காக எங்கள் தெருவுக்கு வரும் அக்கா, மறுநாள் கூடையை இறக்கி வைத்ததும் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே, "அந்தப் பொண்ணுக்கு அப்புறம் என்னாச்சு, அந்த ராஜா என்ன பதில் சொன்னான்?" என்பதுதான். கண்ணகி மதுரையை எரித்த கதை அவருக்குத் தெரியாதா என்ன! தெரியும். இவர்கள் அதை எப்படிக் காட்டினார்கள் என்றுதான் கேட்டார்.

சட்டி மேளத்துக்கு வருகிறேன். எரிச்சலோடு வந்த கடிதங்களில் பாதி இதைப் பற்றித்தான் என்று தெரிகிறது. வேட்டுவ வரியில், கொற்றவை கோயில் முன்னால், எயினர்கள் என்ற வேடர்கள் ஆடும் இடத்தில்தான் அது வந்தது. மற்ற இடங்களில் வீணையும் குழலும் மத்தளமும்தான். வேட்டுவ வரியில் இளங்கோவே எழுதிய அடி இது: "துடியொடு சிறுபறை வயிரொடு துவைசெய வெடிபட வருபவர் எயினர்கள்." துடி அடிக்கிறது, பறை அடிக்கிறது, கொம்பு ஊதுகிறது, காது வெடிக்க வருகிறார்கள். அந்த இடத்துக்கு நம் பகுதியின் மேளத்தை எடுத்துக்கொண்டதில் என்ன குற்றம்? தமிழாசிரியர் ஐயா மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அவரே புத்தகத்தைத் திறந்து அந்தப் பக்கத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இனி நீங்கள் வெட்டச் சொன்ன இரண்டு இடங்கள். என் மனத்தில் கனமாக இருப்பது இதுதான்.

கானல்வரியில் கதை நகரவில்லை, கடற்கரையில் உட்கார்ந்து இருவரும் மாற்றி மாற்றிப் பாடிக்கொண்டே இருக்கிறார்கள், இருபத்தைந்து நிமிடம் வீண் என்பது உங்கள் பக்க வாதம். ஆனால் கதை திரும்புவதே அங்கேதான். புகார்க் கடற்கரையில் மாதவி யாழைச் சுருதி கூட்டிக் கோவலன் கையில் கொடுக்கிறாள். அவன் விளையாட்டாக, வேறொரு பெண்ணை நினைத்துப் பாடுகிற ஒருவனைப் போலப் பாடுகிறான். இவன் மனம் வேறு எங்கோ இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றுகிறது. அவளும் யாழை வாங்கி, வேறு ஒருவனை நினைத்துப் பாடுகிறவளைப் போலப் பாடுகிறாள். அதைக் கேட்டு அவன் எழுந்து போய்விடுகிறான். "மாயப்பொய் பலகூட்டும் மாயத்தாள் பாடினாள்" என்று அவளைப் பழித்துவிட்டு, கண்ணகியிடம் போகிறான், அங்கிருந்து மதுரை, அங்கிருந்து கொலைக்களம். இரண்டு பேரும் பாடிய பாட்டைத் தவறாகக் கேட்டதுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். அந்தப் பாட்டை மக்கள் காதால் கேட்டால்தான் அவளிடம் பொய் இல்லை என்று அவர்களுக்குத் தெரியும்.

அதை எடுத்துவிட்டு, "கோவலன் மாதவியை வெறுத்துப் பிரிந்தான்" என்று ஒரு வரி வசனம் போட்டால் என்ன ஆகும்? பார்க்கிறவர்கள் காரணத்தைத் தாங்களே போட்டுக்கொள்வார்கள். நம் பக்கத்தில் அந்தக் காரணம் தயாராகவே இருக்கிறது. கொண்டித்தோப்பில் அச்சாகி ஊர் ஊராகப் போன பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்களில் கோவலன் கதையும் ஒன்று. அதில் கண்ணகி காளியின் அவதாரம், மாதவி பொல்லாதவள், காசைப் பிடுங்குகிறவள். எங்கள் பாட்டி சொன்ன கதையும் அதுதான். "மாதவி மாதிரி" என்று ஒரு பெண்ணைச் சொன்னால் அது வசவு. இளங்கோ அப்படி எழுதவில்லை. மதுரைக்குப் போகிற வழியில் மாதவியின் கடிதம் வந்து சேருகிறது. அதைப் படித்ததும் கோவலனே, அவள்மேல் தீது இல்லை, எல்லாம் என் தீது என்று உணர்கிறான். இந்த நாடகத்தில் அந்தக் கடிதத்தைக் கானல்வரியின் அதே மெட்டில், ஆனால் யாழ் இல்லாமல், வெறும் குரலில் பாடினார்கள். முன்னால் கேட்ட மெட்டு மறுபடி வந்தபோது எனக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கானல்வரியை வெட்டினால் இந்தக் கடிதமும் செத்துப்போகும்.

கானல்வரி யாருடைய இடத்தைப் பாடுகிறது என்பதையும் பாருங்கள். "நிணங்கொள் புலாலுணங்கல் நின்றுபுள் ளோப்புதல் தலைக்கீ டாக" என்று ஒரு பாட்டு தொடங்குகிறது. கொழுத்த மீனைக் காயப் போட்டு, பறவை கொத்தாமல் ஒரு பெண் நின்று ஓட்டிக்கொண்டிருக்கிறாள். அடுத்த பாட்டில் வலையை நம்பி வாழ்கிறவர்களின் சேரி, வலை காயும் முற்றம், விற்பதற்காகக் காயும் மீன் எல்லாம் வருகிறது. மேடையில் இதைப் பாடும்போது நான்கு பெண்கள் தரையில் துணி விரித்து, கையில் குச்சியோடு நின்றார்கள். அவ்வளவுதான், வேறு செட் இல்லை. எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, "பாரு, நம்ம கருவாட்டுக்குக் காக்கா ஓட்டுறாங்க" என்று பக்கத்தில் இருந்தவர் தொடையில் தட்டினார். அந்த வரிசையே சிரித்தது. அப்புறம், அந்தப் பெண்ணைப் பார்த்து மயங்கியவன், இங்கே ஒரு அணங்கு, ஆளை வாட்டும் தெய்வம், இருக்கிறது என்று தெரிந்திருந்தால் வந்திருக்கவே மாட்டேன் என்று "அறியேன், அறிவேனேல் அடையேன்" என்று திரும்பத் திரும்பப் பாடியபோது அந்தச் சிரிப்பு நின்று, முழு வரிசையும் கேட்டது. அந்த அம்மாவுக்கு அந்தச் செய்யுளில் எல்லாச் சொல்லும் புரிந்திருக்காது. எனக்கும்தான் புரியவில்லை. ஆனால் அது எதைப் பற்றியது என்று அந்த அரங்கில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. இதைத்தான் நம் ஜனங்களுக்கு ஏறாது என்று வெட்டச் சொல்கிறீர்கள். தெற்கே எந்தச் சபாவில் போட்டாலும் இந்தச் சிரிப்பு வராது.

அடுத்தது வஞ்சிக் காண்டம். இதில் நீளம் ஒரு குறைதான், ஒத்துக்கொள்கிறேன். கண்ணகி போன பிறகு ஒரு மணி நேரம் உட்கார வைப்பது எந்த நாடகத்துக்கும் கஷ்டம். சேரன் செங்குட்டுவன் வடக்கே போகும் படையெடுப்பைப் பாதியாகக் குறைக்கலாம், கதைக்கு ஒன்றும் ஆகாது. வடக்கே தோற்ற அரசர்களான கனகனும் விசயனும் தலையில் கல் சுமந்து வரும் இடத்தில் சுமக்கிறவர்கள் பக்கம் நின்று பாட்டு எழுதியிருந்தார்கள், தமிழ் மன்னனின் வெற்றியைக் குறைத்துக் காட்டுகிறார்கள் என்று சிலருக்கு அதில் வருத்தம். அதை நாடகக்காரர்களும் வருத்தப்பட்டவர்களும் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.

ஆனால் பொற்கொல்லர் காட்சியை மட்டும் தொடக்கூடாது. அந்தக் காட்சியைத்தான் "பிரச்சினை வரும்" என்று முதலில் எடுக்கச் சொல்லியிருக்கிறீர்கள்.

அந்தக் காட்சியை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்களா என்று எனக்குத் தெரியாது. பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கோவலனைக் கள்வன் என்று அரசனிடம் காட்டிக் கொடுத்தவன் ஒரு பொற்கொல்லன். அரசியின் சிலம்பைத் திருடியவனும் அவனே. இது எல்லோருக்கும் தெரிந்த கதை. எல்லோருக்கும் தெரியாதது, காப்பியத்தின் முன்னால் உள்ள உரைபெறு கட்டுரையில் இருக்கிறது. மதுரை எரிந்த பிறகு பாண்டிய நாட்டில் மழை இல்லை, நோய் பரவியது. கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன், கண்ணகிக்குச் சாந்தி செய்வதாகச் சொல்லி, ஆயிரம் பொற்கொல்லரைக் கொன்றான். மழை பெய்தது, நோய் தீர்ந்தது என்று கட்டுரை சொல்கிறது. வஞ்சிக் காண்டத்தில் நீர்ப்படைக் காதையிலும் இந்தச் செய்தி வருகிறது. ஒருவன் திருடியதற்கு ஆயிரம் பேர் உயிர்.

நாடகத்தில் இதை எப்படிக் காட்டினார்கள்? சேரன் கண்ணகிக்குக் கல் நாட்டிப் பூசை நடக்கிறது. மேளதாளம், மங்கலப் பாட்டு. அப்போது பக்கவாட்டிலிருந்து ஆண்கள் ஒவ்வொருவராக வருகிறார்கள். பட்டடையில் நெருப்பு ஊதும் ஊதுகுழலை ஆளுக்கு ஒன்றாகக் கல்லின் காலடியில் வைத்துவிட்டுப் போகிறார்கள். பாட்டு நிற்கவில்லை. ஊதுகுழல்கள் குவிகின்றன. கடைசியாக வந்தவன் குழலை வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு, கண்ணகியின் கல்லைப் பார்த்து, அரசனிடம் அவள் சொன்ன அதே வாசகத்தை, "தேரா மன்னா" என்று தொடங்கிப் பாடினான். நியாயம் கேட்டவளிடமே நியாயம் கேட்டான். அரங்கத்தில் ஒருவர் "இது அபச்சாரம்" என்று எழுந்து சத்தம் போட்டார். இன்னொருவர் "உட்காருய்யா, கேக்கட்டும்" என்றார். இரண்டு பேரும் உண்மையாகவே கொதித்தார்கள். நாடகம் என்றால் இதைத்தானே செய்ய வேண்டும்?

சௌகார்பேட்டையில் பட்டடை போட்டு நகை செய்யும் பத்தர் ஒருவர் எனக்குப் பழக்கம். உங்களுக்கு வந்த எதிர்ப்புக் கடிதத்தில் அவர் கையெழுத்தும் இருக்கிறது. நாடகத்தின் முதல் பாதியைப் பார்த்துவிட்டு, "காலங்காலமா எங்களத்தான் திருடன்னு காட்டுறீங்க" என்று இடைவேளையோடு போய்விட்டார். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. மறுநாள் அவரிடம் போய் இரண்டாம் பாதியில் வந்ததைச் சொன்னேன். ஊதிக்கொண்டிருந்தவர் குழலைக் கீழே வைத்துவிட்டு, "அது நெசமா புக்குல இருக்கா?" என்று கேட்டார். புத்தகத்தைக் கொண்டுபோய் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். படித்துவிட்டு அவருக்குக் கோபம் குறையவில்லை, இன்னும் கூடித்தான் போனது. "ஆயிரம் பேரக் கொன்னா மழை பெஞ்சுதாமா?" என்று கேட்டுவிட்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், அடுத்த காட்சி எப்போது, முழுதும் உட்கார்ந்து பார்க்கிறேன் என்றார். பார்த்துவிட்டு அவர் இன்னும் பெரிய எதிர்ப்புக் கடிதம் எழுதலாம். எழுதட்டும். ஆனால் உங்கள் ஒன்றரை மணி நேர நாடகத்தில் அவர் பார்க்கப்போவது என்ன? வஞ்சிக் காண்டம் போனால் மேடையில் மிஞ்சும் ஒரே பொற்கொல்லன் அந்தத் திருடன்தான். அவர் மனம் புண்படக்கூடாது என்று வெட்டுகிறீர்கள், அவரைப் புண்படுத்திய பாதியை மட்டும் வைத்துக்கொண்டு!

நீங்கள் வெட்டச் சொன்ன இரண்டு இடங்களிலும் இதே கதைதான். கானல்வரி போனால் மாதவி கெட்டவளாகிறாள், வஞ்சிக் காண்டம் போனால் பொற்கொல்லர்கள் எல்லோரும் கெட்டவர்களாகிறார்கள். சீக்கிரம் முடிகிற, எல்லோருக்கும் புரிகிற கோவலன் கதை நம்மிடம் முன்பே இருக்கிறது. அதில் யாருக்கும் நியாயம் கிடைத்ததில்லை.

வசனம் சேர்க்கச் சொன்னது பற்றியும் ஒரு வார்த்தை. வழக்குரை காதையில் கண்ணகி கத்தாததைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அதுதான் நாடகத்தின் உச்சம். அவள் தாழ்ந்த குரலில், கிட்டத்தட்ட பேசுவது போலப் பாடினாள். சிலம்பை உடைக்கும்போது எல்லா வாத்தியமும் நின்றுவிட்டது. பரல் தெறித்து மேடைப் பலகையில் உருண்ட சத்தம் மட்டும் மைக்கில் கேட்டது. அந்த இடத்தில் மட்டும் சவுண்ட் ஒழுங்காக இருந்தது. கடைசி வரிசையில் இருந்த என் மைத்துனருக்கும் அது கேட்டது, அவரும் அந்த இடத்தைத்தான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அங்கே ஒரு பக்க வசனத்தைக் கொண்டுவந்து வைத்தால் பரல் உருளும் சத்தம் யாருக்குக் கேட்கும்?

நம்ம ஜனங்களுக்கு ஏறாது என்ற பேச்சுக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் நாடகம் பார்க்கப் பழகிய பட்டணம் எது என்று கேட்டால் அதில் நம் பக்கத்துக்குப் பெரிய இடம் உண்டு. வால்டாக்ஸ் சாலையில் ஒற்றைவாடைக் கொட்டகை இருந்தது. கம்பெனி நாடகங்கள் அங்கே நடந்தன. அந்தக் காலத்து நாடகம் முக்கால்வாசி பாட்டுதான். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய நாடகங்களில் கோவலனும் ஒன்று. சென்ட்ரலுக்குப் பக்கத்தில் இருக்கும் விக்டோரியா பப்ளிக் ஹாலில், 1891-இல் பம்மல் சம்பந்த முதலியார் தொடங்கிய சுகுண விலாச சபையார் நாடகம் போட்டார்கள். சிலப்பதிகாரத்தை உ.வே.சாமிநாதையர் முழுதாகப் பதிப்பித்து வெளியிட்டது 1892-இல். நம் தெருக்களில் கோவலன் கதை அதற்கும் முன்னாலிருந்தே பாட்டாக ஓடிக்கொண்டிருக்கிறது.

இவ்வளவு பழைய கதையை விடுங்கள். சாவு வீட்டுக்கு மைக் கட்டப் போகிற நான் பார்த்ததைச் சொல்கிறேன். இரவு பத்து மணிக்குக் கானா தொடங்கினால் விடியும் வரைக்கும் போகும். இறந்தவரின் வாழ்க்கை, ஊர்க்கதை, தத்துவம், சாமி எல்லாவற்றையும் பாட்டாகவே பாடுவார்கள். தெருவே பெஞ்சிலும் தரையிலும் உட்கார்ந்து கேட்கும். புரியாத வரி வந்தால் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுக்கொள்வார்கள், பிடிக்காவிட்டால் பாடுகிறவரிடமே முகத்துக்கு நேராகச் சொல்வார்கள். மூன்றேகால் மணி நேரம் பாட்டு கேட்கத் தெரியாத ஜனங்களா இவர்கள்?

கண்ணகியைப் பற்றி நாம் இரண்டாகப் பிரிவதும் புதிது இல்லை. மெரினாவில் 1968-இல் வைத்த சிலையை 2001-இல் எடுத்தார்கள், 2006-இல் திரும்ப வைத்தார்கள். நடுவில் இந்த நகரமே வாதம் செய்தது. ஒரு சிலைக்காகவே அவ்வளவு பேசினோம் என்றால், பாடுகிற ஆடுகிற உயிருள்ள கண்ணகியைப் பார்த்து ஒரு டீக்கடை வாசலில் சண்டை வந்தது நல்ல விஷயம்தான். ஒருவரும் சண்டை போடாத நாடகங்களையும் நம் அரங்கில் நிறைய பார்த்திருக்கிறோம். அவற்றின் பெயர்கூட இன்று யாருக்கும் ஞாபகம் இல்லை.

நாடகக்காரர்களிடமும் எனக்குக் குறை உண்டு, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கதையை முன்கூட்டி ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்திருக்கலாம். ஒவ்வொரு காதை தொடங்கும்போதும் ஒருவர் முன்னால் வந்து, இப்போது என்ன நடக்கப் போகிறது என்று இரண்டு வரி சொல்லியிருக்கலாம். கட்டியக்காரன் கூத்தில் செய்கிற வேலை அதுதான், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. மதுரை எரியும்போது கண்ணகி தீயிடம் பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழந்தைகளை விட்டுவிடச் சொல்கிறாள். அந்த இடத்தில் குழுப்பாட்டுக்காரர்கள் "அப்போ எரிந்தது யார்?" என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. ஆனால் அதையே ஏழெட்டு முறை கேட்கிறார்கள், ஒருமுறை கேட்டால் போதும்.

ஆகவே குழுவினரிடம் நான் கேட்டுக்கொள்வது: நாடகத்தை வெட்டச் சொல்லாதீர்கள், நாளை மாற்றுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. காசிமேட்டில் விடியற்கால ஏலத்தின் பரபரப்பு அடங்கியிருக்கும். பள்ளி, கல்லூரிக்கும் விடுமுறை. அந்த நாட்களில் மூன்று காட்சி கொடுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்குத் தொடங்கினால் ஒன்பதரைக்குள் முடிந்துவிடும், விம்கோ நகர் வரை போகிறவர்களும் மெட்ரோவைப் பிடித்து நிதானமாக வீடு போய்ச் சேரலாம். தடைக்காலத்தில் கடலை நம்பியிருக்கும் வீடுகளில் கையில் காசு இருக்காது, அதனால் பின்வரிசை டிக்கெட்டைப் பாதியாகக் குறையுங்கள். நாடகம் முடிந்ததும் விளக்கை உடனே அணைக்காமல் அரை மணி நேரம் அரங்கைத் திறந்து வையுங்கள். திட்டுகிறவர்கள் அங்கேயே நாடகக்காரர்களை முகத்துக்கு முகம் திட்டட்டும். தமிழாசிரியர் ஐயாவையும் பத்தரையும் முன்வரிசையில் உட்கார வையுங்கள்.

சவுண்ட் என் பொறுப்பு. அரங்கின் நடுவே இரு பக்கச் சுவரிலும் இரண்டு சின்ன பாக்ஸ் கட்டி, சத்தத்தைக் குறைத்து வைத்தால் பின்வரிசைக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்கும். பின்சுவரில் கனமான திரை தொங்கவிட்டால் எக்கோ பாதி அடங்கிவிடும், திரைத்துணி என்னிடமே இருக்கிறது. ஏழு பெண்களுக்கும் ஏழு நல்ல காலர் மைக், மாற்று பேட்டரியோடு. அந்த ஃபேனைத் தள்ளி வைப்பேன். மூன்று காட்சிக்கும் ஆள் கூலி, வண்டி வாடகை எதுவும் வேண்டாம். கூட்டத்தில் தேதியை மட்டும் முடிவு செய்து சொல்லுங்கள். முதல் நாள் காலையிலேயே சாமானை இறக்கிவிடுகிறேன்.

இப்படிக்கு,
பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு சவுண்ட் சர்வீஸ்காரர்